எந்திரிச்ச பொணமும் பூசணம் புடிச்ச டிஸ்க்கும்

செத்துக் கிடந்த மனுசனைச் சங்கு ஊதி எழுப்பி நடக்க வைத்தவன் இந்த மலைநாட்டிலேயே நான் ஒருவன்தான். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. தேயிலை பெக்டரிச் சங்கு. ஒரே இழுப்பு. பாடையில் கிடந்த பொணம் கழுத்து மாலையோடு எழுந்து, கொழுந்து நிறுக்கப் போய்விட்டது.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்திருந்த காலம் அது. சாவுக் காட்சிக்கு ஒரு பொணம் வேண்டும் என்றார்கள். நாங்கள் கணக்கப்பிள்ளை ஜீவராஜைக் காட்டினோம். நின்றபடியே தூங்குகிற ஆள். படுத்துத் தூங்கினால் மூச்சு எங்கே போகிறது என்று டாக்டருக்கே தெரியாது. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஒப்பாரிக்கு உட்கார்ந்தார்கள். அவர்களில் ஜீவராஜின் சொந்த மனைவி ஜீவராணியும் ஒருத்தி.

பெக்டரியில் சங்கு என் பொறுப்பு. நான் ஊதினால் எத்தனையோ மலை தாண்டி ராகலையில் லீக்ஸ் தோட்டத்தில் நிற்கிறவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவார்கள். அன்றைக்கும் மத்தியான நிறுவைக்கு நேரமானதும் ஊதினேன். சினிமாவுக்காகச் சங்கை நிறுத்தினால் துரை என்னை நிறுத்திவிடுவார். ஜீவராஜ் எழுந்தான். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, அப்படியே தராசைத் தேடி நடந்தான்.

தோட்டமே இதைப் பார்த்தது. நம்பாதவன் ஒரே ஒருவன்தான், அந்தப் பொணம்.

"தூங்குறவன் எப்படிடா நடப்பான்? முழிச்சப்போ நிறுவைக் கொட்டகையில சாக்கு மேல கிடந்தேன். எவனோ தூக்கிட்டுப் போய்ப் போட்டிருக்கான். நீ கதை கட்டிட்ட, தோட்டமே உன்னோட சேந்துக்கிச்சு" என்பான். ஜீவராணி சொன்னதைக்கூட அவன் நம்பவில்லை.

என்னிடம் சாட்சி இருந்தது. அந்தப் படத்தின் டிஸ்க். படத்தில் அந்தக் காட்சி கிடையாது, வேறு பொணத்தை வைத்துத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் படம் எடுத்த கதையைக் காட்டும் ஒரு துண்டும் டிஸ்க்கில் இருந்தது. அதில் பொணம் எழுந்து நடப்பதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஜீவராஜை இழுத்துவந்து உட்கார வைத்த அன்றைக்குப் பிளேயர் புகைந்து செத்தது. அந்தப் புகையில் தோட்டத்துக் கொசு அத்தனையும் செத்தது வேறு கதை. பிளேயர் போனபிறகு டிஸ்க் அலமாரியில் கிடந்து, எங்கள் ஊர் ஈரத்துக்குப் பூசணம் பூத்துவிட்டது.

இப்போது ஜீவராஜ் வத்தளைக்கு, மகன் வீட்டோடு ஒரேயடியாகப் போகிறான். நாளைக்கு ரயில். அவன் ஒத்துக்கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டால், காலம் பூரா நான் புளுகன்தான்.

அவனுக்கும் அந்த டிஸ்க் தேவைப்பட்டது. படத்தில் ஓர் இடத்தில் ஜீவராணி கூடையோடு கெமராவைக் கடந்து போவாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுவாள். போன வருசம் அவள் தவறிவிட்டாள். போட்டோ இருக்கிறது, ஆனால் நடக்கிற ஜீவராணி அவனுக்கு அங்கே மட்டும்தான்.

ஆகவே இரண்டு பேருமாக ஹட்டனுக்குப் பஸ் ஏறினோம். கொம்பியூட்டர் கடைக்கார ஷாமிலா டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இது டிஸ்க்கா, புளிச்சுப்போன தோசையா?"

துடைத்து ஓட்டிப் பார்த்தாள். உள்ளே கரகரவென்று கேட்டது. உடனே நிறுத்தினாள்.

"இது இன்னொரு தடவைதான் சுத்தும்போல. அதுக்குள்ள எடுத்துறணும். படத்தை மட்டும் தனி ஃபைலா எடுக்கலாம். சீக்கிரம் முடியும், பென் டிரைவ்ல போட்டு டிவியில சொருகினா ஓடும். இல்லாட்டி மெனு, மத்த துண்டு எல்லாத்தோடயும் டிஸ்க்கை அப்படியே முழுசா எடுக்கலாம். அது ரொம்ப நேரம் எடுக்கும், ஆறேழு படத்து இடத்தை ஒண்ணே திங்கும். டிவியிலயும் ஓடாது, கொம்பியூட்டர்லதான் பாக்கணும். பாதியில டிஸ்க் செத்தா படமும் பாதிதான்."

"படம் மட்டும்" என்றான் ஜீவராஜ்.

"முழுசா" என்றேன் நான்.

"உனக்கு என்ன அவசரம்? நான்தானே ஊரை விட்டுப் போறேன்?"

"அதுக்குத்தான்டா அவசரம்! போறதுக்குள்ள நீ அதைப் பாத்தாகணும்."

"உன் புளுகுக்கு என் பொண்டாட்டியப் பணயம் வைக்கிறியா?"

வாசலுக்குப் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, பஸ் நிலையத்தில் தலவாக்கலைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தேன். உட்கார்ந்தேன். நாற்காலி முள்ளாகக் குத்தியது. மறுபடி வாசலுக்குப் போனேன். ஜீவராஜ் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான், கடைக்குள்ளேயே.

"அங்கிள்மாரே, ஒருத்தராவது ஒரு இடத்துல நில்லுங்க" என்றாள் ஷாமிலா. "எதை எடுக்க?"

ராகலை வரைக்கும் குரல் கொடுத்தவன் நான். அப்போது என் தொண்டையிலிருந்து வந்தது எனக்கே கேட்கவில்லை.

"படத்தை மட்டும் எடும்மா."

அவள் மௌஸைத் தொட்டாள். ஜீவராஜ் குடையை மடக்கினான்.

"டேய் செல்லசாமி. அந்த ஒப்பாரியில அவ எங்க உக்காந்திருந்தா?"

"உன் தலைமாட்டுல."

"ரொம்ப நேரமா?"

"காலையில இருந்து. அவ அழுத கண்ணீர்ல ஆறு ஒரு சாண்…"

"அளக்காத. கெமரா அவளப் பாத்துச்சா?"

"உன்னப் பாத்துச்சு. உன்னப் பாத்தா அவளும் தெரியத்தானே செய்வா."

அவன் குடையைச் சுவரோரம் சாத்தி வைத்தான். பிறகு, "முழுசா எடும்மா" என்றான்.

"போனா எல்லாமே போயிரும் அங்கிள்."

"தெரியும். எடு."

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்றால் நகர்ந்தது, அவ்வளவுதான். அட்டைகூட அதைவிட வேகமாகக் காலில் ஏறும். பாதி தாண்டியதும் நின்றது. கரகரப்பு பெக்டரி ரோலரைவிடச் சத்தமாகக் கேட்டது. ஜீவராஜ் திரையைப் பார்க்க மாட்டாமல் சுவரில் தொங்கிய வயர்களைப் பார்த்தான். நான் தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமி நாலைந்தையும் கூப்பிட்டேன். மின்விளக்கு ஒருமுறை மங்கியது. "ஐயோ!" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்துப் பேக்கரிக்காரர் ஓடிவந்துவிட்டார்.

கோடு மறுபடி நகர்ந்தது. நின்றது. நகர்ந்து, ஒருவழியாக முடிந்தது.

ஷாமிலா முதலில் படத்தை ஓட்டினாள். கூடையோடு ஜீவராணி கடந்து போனாள். ஜீவராஜ் மூச்சை விட்டான். பிறகு மெனுவுக்குப் போய் அந்தத் துண்டைத் திறந்தாள்.

பாடை. பெண்கள். தலைமாட்டில் ஜீவராணி மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். சங்கு கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்த அளவு பெரிய சத்தம் இல்லை. பெண்கள் அழுகையை நிறுத்திப் பெக்டரிப் பக்கம் பார்த்தார்கள். பொணம் எழுந்து உட்கார்ந்தது. கண் மூடியே இருந்தது. எழுந்து நடந்தது. ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், குலுங்கிக் குலுங்கி. முன்னால் தண்ணீர் ஓடும் கான் ஒன்று வந்தது. அவள் சிரிப்பை விட்டுவிட்டு ஓடிவந்து, அவன் முழங்கையைப் பிடித்துக் கானைத் தாண்ட வைத்தாள். எழுப்பவில்லை. கையை விடாமலே நிறுவைக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கெமரா அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எனக்குக் கானும் தெரியாது, அவள் பிடித்த கையும் தெரியாது. முன்பு வீட்டில் ஓடியபோது நான் பொணத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"இன்னொருக்கா போடும்மா" என்றான் ஜீவராஜ்.

போட்டாள். அவன் தன்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது தடவையும் போடச் சொன்னான். பஸ் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய சாதனை, அதையும் யாரும் நம்பப் போவதில்லை.

கடைசியில் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அவ சொன்னா. நான்தான் அவளையும் உன் கட்சின்னு நினைச்சேன்" என்றான். "ஆமாடா. எந்திரிச்சுத்தான் போயிருக்கேன்."