நான் காலடி வைத்த வாரம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த வாரம்தான் அங்கே விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அதை நான் மறுக்கவில்லை. 1936ஆம் வருஷம். தெருவில் பாதி வீடுகளில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குதான். எங்கள் வீட்டில் கரண்டு இருந்தது, கூடவே என் நாத்தனார் அல்போன்சாவும் இருந்தார். விளக்கு சிமிட்டுவது என் ராசியால்தான் என்று அவர் முதல் வாரமே தீர்ப்பு எழுதிவிட்டார்.

விதவையான அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். ஆபீசில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கும் என் கணவர் ஜெயராஜ், அக்கா முன்னால் பூனைக்குட்டி. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் கூடத்தில் இருந்த சேசுநாதரின் திரு இருதயப் படத்தை ஒவ்வொருவராகத் தொட்டு முத்தமிடுவோம். யார் தொட்டாலும் விளக்கு சிமிட்டும். ஆனால் நான் தொடும்போது சிமிட்டுவது மட்டும்தான் அண்ணியின் கண்ணில் படும்.

ஒரு நாள் நான் தொட்டதும் விளக்கு அணைந்தே போய், மறுபடி வந்தது.

"பாத்தியா ஜெயராஜு? சேசுநாதருக்கே பொறுக்கல. நாளைக்கே இவள ரயிலேத்தி கோலாருக்கு, அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பு. ஒம்பது நாள் நவநாள் செபம் முடியட்டும், கோவில் சாமியார் வந்து வீட்ட மந்திரிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

என் கணவர் தலை குனிந்துகொண்டார். அப்படிப் போய்த் திரும்பி வராத பெண்களை எனக்குத் தெரியும். பெட்டி கட்டுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மழை இருட்டு. கூடத்தில் விளக்குப் போட்டிருந்தோம். பால்காரரை அனுப்பிவிட்டு அண்ணி வாசல் கதவை அறைந்து சாத்தினார். விளக்கு சிமிட்டியது. படத்தை யாரும் தொடவில்லை. நான் போய்க் கதவைத் திறந்து இன்னொரு முறை அறைந்தேன். மறுபடி சிமிட்டியது, சுவரில் படமும் ஆடியது. அப்போதுதான் கவனித்தேன். வயரை உள்ளே வைத்து மூடிய மரச்சட்டம் மேலேயிருந்து இறங்கி, படத்துக்குப் பின்னால் நுழைந்து, கீழே ஸ்விட்சுக்குப் போனது.

"என்னங்க, இந்தப் படத்த எப்ப மாட்டுனீங்க?"

"நம்ம கல்யாண வாரத்துலதான். சாமியார் மந்திரிச்சுக் குடுத்தாரு, நான் ஆணி அடிச்சேன்." பெருமையாகத்தான் சொன்னார். "கருங்கல் சுவரு, ஆணி எறங்கவே இல்ல. அந்த மரத்துல ஜோரா எறங்குச்சு."

ஜோராக இறங்கியதாம், உள்ளே ஓடும் வயருக்குள்! நான் வராந்தாவுக்குப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"எறங்குடி பிரிஜெட்டு! சாமியார் கையால வச்ச படம், சாமியார் வந்துதான் எடுக்கணும்!"

"அவர் வர்ற வரைக்கும் வீடு இருக்கணுமே அண்ணி."

"ஜெயராஜு, அவள எறக்கு!"

அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"தொட்டீங்கன்னா நானே கோலாருக்குப் போயிடுவேன். நீங்க வந்து கூப்புட்டாலும் வரமாட்டேன்," என்றேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

படத்தைக் கழற்றினேன். குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது எங்கள் வழக்கம். அண்ணி செருகிய ஓலை சருகாகக் காய்ந்திருந்தது. ஆணியை ஒட்டிய பக்கம் கரியாகிப் போயிருந்தது. கை பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆணியைச் சுற்றி மரமும் கறுத்திருந்தது. கரி படிந்த விரல்களை அண்ணிக்குக் காட்டினேன்.

அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "ஏதோ ஆண்டவர் புண்ணியத்துல தப்பிச்சோம். இருந்தாலும் நவநாள் சொல்றேன்னு நேந்துக்கிட்டேன். அது முடியற வரைக்கும்..." என்று இழுத்தார்.

நாற்காலியிலிருந்து நான் இறங்கவில்லை. படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே சொன்னேன்:

"தாராளமா சொல்லுங்க அண்ணி. அது முடியற வரைக்கும் யாராச்சும் கோலாருக்குப் போயித்தான் ஆகணும்னா, உங்க தம்பிய அனுப்புங்க. ஆணி அடிச்சது அவருதான்."