நூற்றுப் பன்னிரண்டாம் புல்

மாடும் தின்ன வேண்டும், பாய்லரிலும் நின்று எரிய வேண்டும். அப்படியொரு புல்லை உருவாக்கித் தருகிறேன் என்று ஆறு வருடங்களுக்கு முன் ஒப்புக்கொண்டது நான்தான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒருமுறை நட்டால் ஐந்தாறு வருடம் அறுத்துக்கொண்டே இருக்கக்கூடிய புல் வகைகளை ஒன்றோடொன்று கலந்து, மாடம்பாக்கத்தில் ஒரு தனியார் பண்ணையில் வளர்த்துவந்தேன். தண்டு தடித்தால் இலை சுரசுரத்தது. இலை மெத்தென்று இருந்தால் தண்டு நோஞ்சானாக நின்றது. இரண்டும் கூடிவந்து, வெயிலையும் தாங்கியது ஒன்றே ஒன்று. அதன் எண் 112.

பக்கத்து மனைக்காரர் நான்கடி மண் கொட்டி உயர்த்தினார். ஆடியில் பெய்த மழைத் தண்ணீர் முழுக்க எங்கள் வயலில் நின்று, 112 வேரோடு அழுகியது. பிழைத்த ஒரே கணுவைப் பையில் நட்டு, மற்ற கலப்புப் புற்கள் இருந்த இருநூற்று முப்பத்தொன்பது பைகளோடு நிழல்வலைக் கொட்டகையில் வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வேலையாட்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த ஞானாம்பாள் வந்தார்.

"மேடம், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. கொட்டாயில பூஜை போட்டா இன்னா நெனச்சிப்பீங்களோன்னு..."

எனக்குப் பெருந்தன்மை பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா போடுங்கக்கா. ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்றேன்.

விடுமுறை முடிந்து வந்தபோது கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. பைகளையெல்லாம் வெளியே எடுத்து, தரையைக் கழுவிக் கோலம் போட்டு, உயரவாரியாக அழகாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பையிலும் எண் எழுதிக் குத்தியிருந்த பிளாஸ்டிக் சீட்டைப் பிடுங்கி, சோப்புத்தூள் போட்டுக் கம்பி நாரால் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து மறுபடி குத்தியிருந்தார்கள். அழியாத மை என்று சொல்லி விற்ற மார்க்கர் ஒரு பூஜையைத் தாங்கவில்லை. ஒரு சீட்டிலும் எண் இல்லை.

"ஒரே அழுக்கா கீதேன்னு நாலு பேரும் குந்திகினு தேச்சோம். சோறுகூட துன்னல மேடம்" என்றார் ஞானாம்பாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட பிறகு யாரைத் திட்டுவது? பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இலையில் சுரசுரக்கும் சுணை இல்லாதவற்றைப் பொறுக்கியதில் முப்பத்தொரு பைகள் தேறின. இளம் புல்லில் அதற்கு மேல் பிரிக்க முடியாது. மரபணுச் சோதனை செய்யலாம், ஆனால் ஒப்பிடப் பழைய இலை வேண்டும். அதை எடுத்துவைக்கும் புத்தி எனக்கு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை 112-ஐப் பார்த்து முடிவு சொல்ல ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. பண்ணை இயக்குநர் சத்தியநாதன் சார் இருப்பதிலேயே செழிப்பான பையை எடுத்து, தன் கையாலேயே 112 என்று எழுதினார். "டென்ஷன் ஆகாதீங்க ஜெரூஷா. புல்லு என்ன, வாயைத் திறந்து பேசவா போகுது?"

குழுத் தலைவி சரோஜினி அந்தப் பையின் முன் குனிந்து இலையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆறு வருஷம் வளர்த்தவங்க நீங்க. இதுதானே அது?"

சார் இருமினார். ஆம் என்றால் அடுத்த வருடமே குன்றத்தூர் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தப் புல் போகும். ஆறு வருட அறிக்கைகளில் 'நம்பிக்கை அளிக்கிறது' என்று கூசாமல் எழுதித் தள்ளியவள் நான்.

"தெரியாது மேடம்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். கழுவச் சொன்னது நான்தான் என்றேன், அது பொய்யும் இல்லை.

பத்து நாளில் அறிக்கை வந்தது. முப்பத்தொன்றையும் வயலில் நட்டு, ஒரு கோடை முழுக்கக் கவனித்து 112-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். ஆராய்ச்சியாளரின் ஒப்பந்தம் மார்ச்சுக்குப் பிறகு நீட்டிக்கப்படாது. கொட்டகைப் பராமரிப்பு மிகச் சிறப்பு.

ஞானாம்பாளுக்குக் கடைசி வரியை மட்டும் படித்துக்காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப பாஸா மேடம்?"

"பாஸ்தான்க்கா. சித்திரை வெயில்ல எது வாடாம நிக்குதுன்னு பார்த்து வைங்க."

"நீங்க பாக்க மாட்டீங்களா?"

"நீங்க பார்த்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றேன்.