லேமினேட் செய்யப்பட்டவர்கள் நனைவதில்லை

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே வைத்திலிங்கம் நடத்திய கடையில் சான்றிதழை லேமினேட் செய்துகொண்டவர்கள் மழையில் நனைவதில்லை. இது 2005 ஐப்பசியில் தெரியவந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோனதில் கரையோரத்து ஜனங்கள் ரேஷன் கார்டையும் பட்டாவையும் இழந்து, தாங்கள் யார் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலுவலக வராந்தாக்களில் நின்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் தங்கள் காகிதங்களை பிளாஸ்டிக் உறையில் வைத்து, சூடான இயந்திரத்துக்குள் விட்டு வாங்கிக்கொண்டார்கள். கறையான் அரிக்காது, குழம்புக் கை பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம், மடிப்பில் கிழியாது என்று வைத்திலிங்கம் பலகை எழுதி வைத்திருந்தார். ஆளும் நனையமாட்டார் என்று எழுதவில்லை. அது அவருக்கே தெரியாது. காகிதத்தில் யார் பெயர் இருந்ததோ அவர்மேல் மழை சேம்பு இலையில் விழுந்ததுபோல் உருண்டு ஓடியது. வெந்நீர் மட்டும் ஒட்டியது. அதனால் விறகு விலை ஏறியது, குடை விலை இறங்கியது. சார்லஸ் என்பவர் அவசரப்பட்டுக் கைக்குழந்தையின் பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்துவிட, ஞானஸ்நானத்தன்று பாதிரியார் ஊற்றிய தண்ணீர் குழந்தையின் தலையில் நிற்கவே இல்லை. அதன்பின் முதலில் ஞானஸ்நானம், பிறகு லேமினேஷன் என்று வழக்கமாயிற்று.

சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளவரசுவின் காகிதங்களை அவர் மனைவி ரேகாதான் எடுத்துப்போய் லேமினேட் செய்தார். தன்னுடையதைச் செய்யவில்லை. ரேகா ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தார். சரிபார்க்கும் அதிகாரிகள் முத்திரையின் மையை விரலால் தடவிப் பார்ப்பார்கள், உறை போட்ட அசலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவர்கள் தெருவில் மழையில் நனைகிறவர் அவர் ஒருவர்தான் என்று ஆனது. வைத்திலிங்கம் கேலி செய்தபோது, "வீட்டுல ஒருத்தராவது நனையணும்ல அண்ணே, இல்லன்னா மழ பேஞ்சதே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2010 கார்த்திகையில் ஒரு சான்றிதழ் வாங்கச் சிதம்பரம் போன ரேகா, அடைமழையில் நனைந்து, அங்கேயே தாய் தில்லையம்மாள் வீட்டில் காய்ச்சலில் படுத்து, இறந்துபோனார். கடலூர்ச் சாலை வெள்ளத்தில் அறுந்திருந்தது. இளவரசு பாதி வழி பஸ்ஸிலும் மீதி இடுப்பளவு தண்ணீரிலுமாக வந்து சேர்ந்தபோது சட்டை உலர்ந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். அவர்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்துப் பார்த்தார்கள். இருட்டிவிடும் என்று சொல்லித் தண்ணீரிலேயே இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு எப்போது மழை பெய்தாலும் தில்லையம்மாள் வீட்டு பீரோவில் மடித்து வைத்திருந்த ரேகாவின் புடவைகள் நனைந்தன. கூரை ஒழுகவில்லை, பீரோவில் ஓட்டையும் இல்லை. தில்லையம்மாள் அவற்றை எடுத்துப் பிழிந்து, வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டு, மடித்து வைப்பார். மறுமழையில் மறுபடி பிழிவார். 2011 ஆடியில் மருமகன் வந்தபோது பிழிந்துகொண்டே சொன்னார்: "எம்பொண்ணு தண்ணியில கெடக்கறா மாப்ள. நீங்க மட்டும் காஞ்சி கெடக்கறீங்க."

இளவரசு கடலூர் திரும்பினார். ரேகாவின் பட்டச் சான்றிதழை லேமினேட் செய்தார். இனி அதைத் தடவிப் பார்க்க யாருமில்லை. அடுத்த மழையில் புடவைகள் முன்போலவே நனைந்தன. அது உயிரோடிருந்தவரின் காகிதம், இப்போதிருப்பவருக்குச் செல்லாது என்று வைத்திலிங்கம் கருதினார். மிச்சம் இருந்தது இறப்புச் சான்றிதழ். இளவரசு அதையும் கொண்டுவந்து நீட்டினார். வைத்திலிங்கம் இயந்திரத்தைச் சூடேற்றவில்லை.

"ரேஷன் கார்டுல பேரு எடுக்க இந்த ஒரிஜினலத்தான் கேப்பாங்க சார். உள்ள உட்டுட்டா எடுத்துக்க மாட்டாங்க. அவுங்க கணக்குல உங்க சம்சாரம் சாவவே இல்லன்னு ஆயிடும்."

"ஆவட்டும். போடுங்க."

அந்த டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. சிதம்பரத்தில் தில்லையம்மாள் வீட்டு ஓடுகள் பறந்து, பீரோ கதவு திறந்து, வானத்தைப் பார்த்தபடி விடியும்வரை நின்றது. இடுகாடு முழுவதும் முழங்கால் அளவு தண்ணீர். ரேகா கிடந்த நீளத்துக்கு மட்டும் மண் பொடியாக இருந்தது, சுற்றியிருந்த தண்ணீர் அதன் ஓரத்தில் சுவர்போல நின்றது. புயல் ஓய்ந்து வந்த இளவரசு அதைப் பார்த்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனார். கூரையில்லாத அறையில் தில்லையம்மாள் ஒவ்வொரு புடவையாக எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டும் வரவில்லை.

"காஞ்சிட்டா மாப்ள" என்றார். முறுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு, "இனிமே அவ கிட்டருந்து எனக்கு ஒண்ணும் வராது" என்றார்.

2012இல் இளவரசு ரேஷன் கார்டில் பெயர் நீக்க மனு கொடுத்தார். லேமினேட் செய்த சான்றிதழ் ஏற்கப்படாது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கான சர்க்கரை இப்போதும் அளக்கப்படுகிறது, அவர் வாங்கிக்கொள்கிறார். தில்லையம்மாள் கொடியை அவிழ்த்துவிட்டார். இடுகாட்டில் மழை தொடங்கினால் பக்கத்து ஆடுகள் தாமாகவே ரேகாவின் மேட்டுக்கு வந்து படுத்துக்கொள்கின்றன. யாரும் விரட்டுவதில்லை.