நான்காவது வயது

பூட்டுக்காரர் முன்னால் எந்தப் பூட்டும் வாலாட்டாது. மகளின் கணக்குப் பாடம் மட்டும்தான் அவருக்கு அடங்காது. ஆனால் அன்று சாயங்காலம், ‘வீட்டில் உள்ளவர்களின் வயதுகளுக்குச் சராசரி காண்க’ என்ற வீட்டுப்பாடத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ப்பூ, இவ்வளவுதானா! எல்லா வயசையும் கூட்டு. எத்தனை பேரோ அதால வகு. முடிஞ்சுது."

மகள் பென்சிலைக் கடித்தாள். "மூணு பேரா, நாலு பேராப்பா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர்கள் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஒன்று, நான்கு வருடத்துக்கு முன் பதினொரு வயதில் காய்ச்சலில் போன மகனுடையது. விருந்தாளி யாராவது தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் பேச்சு வராது. அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது பூட்டுக்காரர் போட்ட சட்டம். மனைவி மட்டும் வருடா வருடம் ஒரு அளவு பெரிதாகச் சட்டை வாங்கி அவன் அலமாரியில் வைப்பாள். அவர் அதைக் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

"மூணு" என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை இழுத்துத் தானே எழுதினார். 39, 39, 11. கூட்டினால் 89. மூன்றால் வகுத்தார். இருபத்தொன்பது, மீதி இரண்டு. புள்ளி வைத்தார். ஆறு, மீதி இரண்டு. மறுபடி ஆறு, மறுபடியும் மீதி இரண்டு. தாளின் ஓரம்வரை ஆறுகள் போய்விட்டன, அந்த இரண்டு மட்டும் விட்டுத் தொலைய மாட்டேன் என்றது.

"நான் நாலுன்னுதான் போட்டேன்" என்றாள் மகள், மெல்ல. "அண்ணனுக்குப் பதினொண்ணு, எனக்கும் பதினொண்ணு. அடுத்த வாரம் எனக்குப் பன்னெண்டு ஆயிடும். அப்புறம் நான் அவனுக்கு அக்காவாப்பா? எனக்குப் பயமா இருக்கு. அவன் அந்த நாற்காலியில உட்கார்ந்து என்னையே பாக்கிற மாதிரி இருக்கு."



மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். "நீ அவனைத் தாண்டவே முடியாதும்மா. அவனுக்கு இப்ப பதினஞ்சு. என்னைக்கும் உனக்கு அண்ணன்தான்."

"செத்தவனுக்கு ஏதுடி வயசு?" என்று சீறினார் அவர்.

அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. குனிந்து தாளைப் பார்த்தாள். "முப்பத்தொம்பது நான். இந்த இன்னொரு முப்பத்தொம்பது யாருங்க?"

"நான்தான்."

"உங்களுக்கு நாப்பத்து மூணு. அவன் போனப்பதாங்க உங்களுக்கு முப்பத்தொம்பது."

அவர் தாளையே வெறித்துப் பார்த்தார். யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதியிருந்தது. மகனைப் பற்றிப் பேசக் கூடாது என்று வாய்க்குப் பூட்டுப் போட்டவர், தன்னையும் அவனோடு அந்த வருடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"முதல்லேருந்து போடலாம்பா" என்றாள் மகள்.

43. 39. 11. அங்கே அவள் பென்சில் நின்றது. அவர் அதை வாங்கி, 15 என்று எழுதினார். கூட்டினால் 108. நான்கால் வகுத்தால் சரியாக 27.

"டீச்சர் கேட்டா?"

"நாலு பேருன்னு சொல்லு."

எழுந்துபோய் மகனின் அலமாரியைத் திறந்தார். "இந்த வருஷச் சட்டை எது?"

மனைவி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை விரித்துத் தன் மார்பின்மேல் வைத்துப் பார்த்தார். தோள் அளவு அவருக்கே சரியாக இருந்தது.