நாலாவது தட்டு

மூன்று பேர் சாப்பிடும் மேஜையில் யாத்விகா நாலாவது தட்டை வைத்தபோது கதவு தட்டப்பட்டது. தம்பி போலெக் வந்துவிட்டான் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்றது கம்பெனி ஆள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கூடவா வீட்டைச் சோதிக்க வருவார்கள்!

டெட்ராய்ட்டில் அவள் புருஷன் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலையில் முழுச் சம்பளம் வாங்க ஒழுங்காக வேலை செய்தால் மட்டும் போதாது, அமெரிக்கர்களைப் போலக் குடித்தனமும் நடத்த வேண்டும். ஜன்னலுக்கு வெள்ளைத் திரை போட வேண்டும், குழந்தைக்கு நகம் வெட்டியிருக்க வேண்டும், வீட்டில் வெளியாள் யாரும் தங்கக் கூடாது. கூடப்பிறந்தவனும் அந்தக் கணக்கில் வெளியாள்தான். போன கோடையில் யாரோ வத்திவைக்க, அவள் புருஷன் வாலன்டிக்குச் சம்பளம் பாதியாகிவிட்டது. கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் கூடவே இருந்த தம்பியை மூட்டை கட்டச் சொன்னவள் அவளேதான். அவன் ஊரை விட்டே போய்விட்டான் என்று கம்பெனியில் சொல்லியாயிற்று. நிஜத்தில் அவன் நாலு தெரு தள்ளி, ஒரு மதுக்கடை மாடியில், இன்னொருத்தன் எழுந்து போன சூடு ஆறாத கட்டிலில் படுக்கிறான். அதை நினைத்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பண்டிகைக்காவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

வந்தவர் இவர்களுடைய போலந்து மொழியைப் பேசக் கற்றுக்கொண்ட அமெரிக்கர். பின்னறையை எட்டிப் பார்த்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். கடைசியில் மேஜையருகே நின்றார்.

"மூணு பேர்தானே நீங்க? தட்டு நாலு இருக்கே?"

"அது எங்க வழக்கம் சார்," என்றான் வாலன்டி. நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டி வந்த குரல், பாதி தூக்கத்தில் இருந்தது. "இன்னைக்கு யாரு வந்து கதவத் தட்டினாலும் உக்கார வச்சு சாப்பாடு போடணும்."

"யாரு வந்தாலுமா?"

"பிச்சைக்காரனா இருந்தாலும் சார்."

"கதை நல்லாத்தான் இருக்கு," என்று பென்சிலை எடுத்தார்.

கதவு மறுபடி தட்டப்பட்டது. வாலன்டி போய்த் திறந்தான். தலையெல்லாம் பனியோடு போலெக். அக்காள் புருஷனின் தோளுக்கு மேலே கம்பெனி ஆளின் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே சூட்டிகையானவன்.

"யாருப்பா நீ?" என்றான் வாலன்டி.

"வழிப்போக்கன்யா. பசிக்குது."

மகள் சோஷா வாயைத் திறந்தாள். யாத்விகா அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"பாத்தீங்களா சார்!" வாலன்டி சிரித்தே விட்டான். கம்பெனி ஆளும் சிரித்தார். பென்சில் சட்டைப்பைக்குள் போனது.

சாப்பாட்டுக்கு முன்பு பிட்டுக் கொடுக்கும் மெல்லிய அப்பத்தை எடுத்துக்கொண்டு யாத்விகா வாசலுக்குப் போனாள். பாதியைப் பிட்டு நீட்டினாள். தம்பியின் கை சில்லிட்டிருந்தது.

"நல்லாருப்பா. உள்ள வா."

"புண்ணியமாப் போகும்மா உங்களுக்கு."

அம்மா என்றான். அக்கா என்று கூப்பிடும் வாய். ஆனாலும், தப்பித்தோம் என்று அவளுக்கு இருந்தது. அப்படி இருந்ததுதான் வெட்கமாக இருந்தது.

போலெக் உள்ளே வந்தான். கம்பெனி ஆளைப் பார்த்துப் பணிவாகத் தலைகுனிந்தான். குனிந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், திறந்த கதவுக்குப் பின்னால் கையை விட்டு, அங்கே மறைந்திருந்த ஆணியில் தொப்பியை மாட்டினான்.

கம்பெனி ஆள் அந்த ஆணியையே பார்த்தார். தொப்பியிலிருந்து பனி உருகி, காலையில் அவள் தேய்த்துக் கழுவிய தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.