தங்கவேலின் படை

சேக்காட்டு மாடி அறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இருந்தவர்கள் நான்கு பேர். வெள்ளானூர் முருகேசனின் மூத்த மகன் நாகேந்திரன், அவர் மனைவி பஞ்சவர்ணம், வீட்டுக்காரி பார்வதம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஜஸ்டின். வேறு யாரும் இல்லை. அறையில் குடியிருந்த ஐந்தாவது ஆளுக்குத்தான் அன்று காலை வெள்ளானூர் ஏரிக்கரையில் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

தங்கவேல், நாகேந்திரனுக்கு ஒரே தம்பி. மனைவி மக்கள் கிடையாது. அதனால் கொள்ளி வைத்ததும் பிண்டம் கரைத்ததும் அண்ணன்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை செய்த பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறேன் என்று தம்பி வந்து நின்றபோது, நம்ம வீட்டுக்கு ஒத்து வராது என்று நாகேந்திரன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தங்கவேல் மறுபேச்சு பேசவில்லை. பிறகு வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சேக்காட்டில் மாடி அறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனவர், கல்யாணம் காட்சி, சாவு என்றால் மட்டும் வெள்ளானூருக்கு வந்து, சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவார். அந்த மாடிப்படியில் நாகேந்திரன் அதுவரை கால் வைத்ததில்லை.

காரியச் சாப்பாட்டில் கடைசிப் பந்தியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்தக்காரர் யாருக்கும் அவனைத் தெரியவில்லை. கை கழுவிவிட்டு நேராக நாகேந்திரனிடம் வந்தான்.

"பெரீவரே, எம் பேரு ஜஸ்டின். அஞ்சலி போஸ்டர் பாத்துட்டு வந்தேன். தங்கவேல் அண்ணாத்தேகூட சண்டை போடுறவன்."

நாகேந்திரன் முதுகை நிமிர்த்தினார். "எங்க தம்பி யாரோடவும் சண்டைக்குப் போனவன் இல்ல."

"ஐயோ, அந்தச் சண்டை இல்ல. கம்ப்யூட்டர்ல. ஒரே பக்கம்தான் நானும் அவரும்."

பிறகு அவன் விளக்கினான். வேறொரு கிரகத்தில் நடக்கிற யுத்த விளையாட்டு. ஒரு பக்கத்துக்கு நாற்பது தளபதிகள், ஆளுக்கு நூற்றுக்கணக்கில் இயந்திரங்கள். ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு எல்லோரும் களத்தில் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர் பெயருக்குப் பக்கத்தில் விளையாட்டே ஒரு சொல்லைப் போட்டுவிடும்.

"இன்னா சொல்லு?"

ஜஸ்டின் தயங்கினான். "இங்கிலீஷ்ல போடும். நம்ம பாஷைல சொன்னா... களத்தை உட்டு ஓடிப்போனவன்."

"செத்தவனையா?"

"செத்தது மிஷினுக்குத் தெரியாதே, பெரீவரே. ரெண்டு ஞாயிறு போச்சு. இன்னைக்கு மூணாவது."

"யாரு பாக்கப்போறாங்க அத?"

"உலகம் பூரா பாக்கும். அழிக்கவும் முடியாது."

"அவன் இன்னா பேரு வெச்சிருந்தான் அதுல?"

"மத்தவங்கல்லாம் இடி, கருநாகம்னு வெச்சிருப்பானுங்க. அண்ணாத்தே மட்டும் வெள்ளானூர் மு. தங்கவேல்னு முழுசா போட்டிருந்தாரு. நாங்க கிண்டல்கூடப் பண்ணுவோம்."

வெள்ளானூரும் போட்டு, அப்பாவின் எழுத்தும் போட்டு, அதன் பக்கத்தில் ஓடிப்போனவன். நாகேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இன்னாங்க இது, காரியம் முடிஞ்ச ஈரங்கூடக் காயல, வெளையாடப் போறீங்களா?" என்றாள் பஞ்சவர்ணம். "ஊரு சிரிக்காது?"

"வெளையாட இல்ல. நீயும் கெளம்பு."

பார்வதம் அறையைத் திறந்துவிட்டாள். கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டைகள், ஜன்னலோரம் மேசை. மேசை மேல் அந்த அறைக்குப் பொருந்தாத அளவில் பெரிய திரை. "வாடகைக்கு வந்த நாள்லேந்து ஒருத்தர் வந்து நான் பாத்ததில்லக்கா," என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னாள் பார்வதம். "ஆனா ஞாயித்துக்கெழமையானா உள்ளாற பேச்சும் சிரிப்புமாக் கேக்கும். நானும் யாரோ வந்துகீறாங்கன்னு நெனச்சி ரெண்டு டம்ளர்ல காபி எடுத்துகினு வந்தேன் ஒருவாட்டி. பாத்தா தனியா ஒக்காந்துகினு சிரிச்சிகினு கீறாரு."

நாகேந்திரன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

ஜஸ்டின் சுவிட்சைப் போட்டான். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. யாருமே வராத அறையில் எதற்குப் பூட்டு என்று தங்கவேல் விட்டிருக்க வேண்டும்.

"நான் ஒக்காந்து ஓட்டிடறேன், பெரீவரே. என் லேப்டாப்ப இப்டி தரைல வெச்சிக்கினு ரெண்டையும் பாத்துக்குவேன். நீங்க கட்டில்ல சாஞ்சிக்கோங்க."

"அவன் எடத்துல நீ ஒக்காரக் கூடாது. கொள்ளி வெச்சது நானு," என்று நாகேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

சரியாக மூன்று மணிக்குத் திரை விரிந்தது. செம்மண் நிறத்தில் ஒரு நிலம், இரண்டு சூரியன்கள், நடுவில் அடி தெரியாத பள்ளம், அதன் மேல் ஒரே ஒரு பாலம். மேலிருந்து பார்க்கையில் எல்லாம் எறும்பு மாதிரி இருந்தது. ஜஸ்டின் சொன்னபடி மவுஸின் சக்கரத்தை உருட்டியதும் எறும்புகள் பெரிதாயின. எட்டுக் கால் வைத்து நடக்கும் இரும்பு வீடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பீரங்கி. முந்நூற்றுப் பன்னிரண்டு என்று மூலையில் எண் நின்றது. படை ஒன்பது பிரிவாகக் கிடந்தது. பிரிவுகளின் பெயரைப் படித்ததும் நாகேந்திரனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டாபிராம், இந்து கல்லூரி, ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம். வேலைக்குப் போன ரயில் பாதையின் ஸ்டேஷன்களை அப்படியே மேற்கிலிருந்து கிழக்காக வரிசை கட்டி வைத்திருந்தான் தம்பி.

"வில்லிவாக்கத்த பாலத்துக்கு அனுப்புங்க. கொரட்டூரு பின்னாடியே போவட்டும்," என்றான் ஜஸ்டின். அனுப்பினார்.

பள்ளத்துக்கு அந்தப்புறம் மண் அசைந்தது. முதலில் தூசி என்று நினைத்தார். தூசிக்குள்ளிருந்து எதிரிப் படை வந்தது. ஆயிரமா, இரண்டாயிரமா, எண்ண முடியவில்லை. வானத்தில் கப்பல்கள் நிழல் விழ நகர்ந்தன. ஒலிபெருக்கியில் பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசின. மதுரைப் பேச்சு, கொழும்புப் பேச்சு, எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம். அதில் ஒரு குரல், "தங்கவேலண்ணே வந்துட்டாரு டோய்!" என்று கத்தியது. தங்கவேல் போன சேதியை ஜஸ்டின் அவர்களுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை; இந்தப் பக்கத்து மைக்கை அணைத்து வைத்திருந்தான்.

பத்து நிமிஷம் பாலம் நின்றது. அப்புறம் வில்லிவாக்கம் போயிற்று. கொரட்டூர் பாதி போயிற்று.

"பின்வாங்கச் சொல்லிட்டாங்க!" ஜஸ்டின் தரையிலிருந்து எட்டிப் பார்த்தான். "எல்லாரும் திரும்புறாங்க. அந்த மஞ்சப் பட்டன அமுக்குங்க, பெரீவரே, மொத்தமும் திரும்பிடும்."

"திரும்பினா ஓடினதாத்தானே அர்த்தம்?"

"அட, அது வேற, இது வேற! வந்தாச்சு, கணக்குல ஏறியாச்சு. இனிமே ஓடிப்போனவன்னு போட மாட்டான். படையக் காப்பாத்துங்க. அடுத்த வாரம் அடிச்சிக்கலாம்."

"எங்க ஊட்டு ஆளு யாரும் முதுகக் காட்டினதில்ல."

"நைனா, இது வெளையாட்டு நைனா! அமுக்குங்க!"

நாகேந்திரன் மஞ்சள் பொத்தானைத் தொடவில்லை. பட்டரவாக்கத்தைப் பாலத்துக்கு அனுப்பினார். பிறகு அம்பத்தூரை. பிறகு திருமுல்லைவாயிலை. மற்ற முப்பத்தொன்பது பேரின் படைகளும் பின்னால் சுருங்கிக்கொண்டே போக, பாலத்தில் தம்பியின் இரும்பு வீடுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நின்று எரிந்தன. கால்கள் மடங்கி விழுந்தவை பள்ளத்தில் சத்தமில்லாமல் இறங்கின. நாலு மணிக்குள் பட்டாபிராமும் முடிந்தது. மூலையில் இருந்த எண் பூஜ்யமாயிற்று.

வெகு நேரம் கழித்துப் பெயர்ப்பட்டியல் வந்தது. வெள்ளானூர் மு. தங்கவேல் என்பதற்குப் பக்கத்தில் ஒரு சொல். நாகேந்திரன் இங்கிலீஷ் படித்தவர்தான். இருந்தாலும், "இன்னா போட்டுகீது?" என்று கேட்டார்.

"களத்தில் விழுந்தவர்," என்றான் ஜஸ்டின்.

"அவ்ளோதான். எழுந்திரு, போலாம்."

ஜஸ்டின் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டான். "ஒருவாட்டிகூட பத்து மிஷினுக்கு மேல உட்டதில்ல அண்ணாத்தே. தோக்குறோம்னு தெரிஞ்சா மொத ஆளா திரும்பிடுவாரு. நாலு வருஷம் ஒண்ணொண்ணா சேத்தது. அவரு இல்லேன்னாலும் எங்க யாருக்காச்சும் குடுத்துடலாம், அப்டியே இருக்கட்டும்னுதான் உங்கள இட்டாந்தேன்."

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேனே நைனா. அமுக்குங்கன்னு சொன்னேனே."

பஞ்சவர்ணம் கொடியிலிருந்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ள மேல இன்னாத்துக்கு எரிஞ்சி உழுவுறீங்க," என்றாள். "தம்பி ஆசையா வெச்சிருந்தத அழிக்கறது உங்களுக்கு இன்னா புதுசா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. பார்வதம் கீழே இறங்கிப் போய்விட்டாள். ஜஸ்டினும் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பஞ்சவர்ணம் துணிப்பையோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஆட்டோ பிடிக்கிறேன் என்று படியிறங்கினாள்.

நாகேந்திரன் மட்டும் நாற்காலியில் இருந்தார். திரையில் பாலம் இன்னும் தெரிந்தது. சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் வெறும் செம்மண். வரைபடத்தின் மேற்கு ஓரம்வரை போய்ப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் நிற்கவில்லை. கீழே ஆட்டோ இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவர் எந்தப் பொத்தானை அழுத்தி அதை அணைப்பது என்று தெரியாமல், சுவரில் இருந்த சுவிட்சைத் தேடி அணைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஜஸ்டின் போன் செய்தான். தங்கவேல் இறந்த சேதியை அவன் தளபதிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டானாம். யாரும் நம்பவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாரே, பாலத்தைக் கடைசிவரை விடவில்லையே என்கிறார்களாம். ஜஸ்டினோடு ஏதோ மனஸ்தாபம், அதனால்தான் பேசாமல் வந்து படையை அழித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒருவர். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் போன வாரம் பார்த்தேன் என்று இன்னொருவர். அப்படியே இருந்துட்டுப் போவட்டுமா பெரீவரே, அவங்களுக்காச்சும் அண்ணாத்தே உயிரோட கீறாரு என்று கேட்டான் ஜஸ்டின்.

நாகேந்திரன் அந்தக் குழுவில் தன்னைச் சேர்க்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால், முக்கால் மணி நேரம் செலவழித்து எழுதி அனுப்பினார்:

ஜஸ்டின் சொன்னது உண்மை. வெள்ளானூர் மு. தங்கவேல் பதினேழு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, மாரடைப்பில் காலமானார். அவரைப் பூந்தமல்லியில் யாரும் பார்த்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை படையை அழித்தது அவர் இல்லை. அவர் அண்ணன் நாகேந்திரன்.