வீட்டுக்காரிகள் கட்டிய வரி

சூறாவளி தென்னைகளைச் சாய்த்துப் போட்ட அடுத்த வருடம் எங்கள் கிராமசபைக்குக் கொழும்பிலிருந்து வரும் மானியம் பாதியாகிவிட்டது. அரசாங்கத்திடம் காசில்லையாம், சபைகளே வருமானம் தேடிக்கொள்ள வேண்டுமாம். சேர்மன் காலிதீன் எங்கெல்லாமோ தேடிவிட்டு, கடைசியில் செலவைக் குறைக்க, சபை நடத்தும் என் பிரசவ விடுதியில் கைவைத்தார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் அதைப் பூட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள்.

நான் சின்னத்தங்கம், அந்த விடுதியின் மருத்துவிச்சி. ஊருக்கு நான் மிஸ்ஸி. நாலு கட்டிலும் ஒரு வெந்நீர்ப் பானையும்தான் விடுதி என்றாலும், ஊர்ப் பிள்ளைகளில் பாதி அங்கே பிறந்ததுதான். நதீரா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். நான் இந்த ஊருக்கு வருமுன், கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். "இந்த முறையும் வண்டியிலயா மிஸ்ஸி?" என்று அவள் கேட்டாள்.

நேரே சபைக்குப் போனேன். சேர்மன் சைக்கிளுக்கும் ஆட்டுக்கும் வரி போடுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

"கோழிக்கும் போடுங்க சேர்மன். முட்டைக்கு வேறயாப் போடுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மீன் கூடைக்குப் போட்டுப் பாத்தன். மீன்காரனுகள் சந்தைக்கு வாறதையே விட்டுட்டானுகள். நான் என்ன செய்யிற மிஸ்ஸி?"

"வீட்டு வரி இருக்கே?"

"வருசா வருசம் கடதாசி அனுப்புறம். ஒருத்தனும் இந்தப் பக்கம் வாறல்ல."

ஏன் வருவதில்லை? எனக்கு அது பிடிபடவில்லை. நதீராவைப் பார்க்கப் போன இடத்தில் அவளுடைய கணவன் அதாவுல்லாவிடமே கேட்டேன்.

"வீடு என்டயா மிஸ்ஸி? அவட வாப்பா அவளுக்குக் கட்டிக் குடுத்த வீடு. நான் வந்து இரிக்கிறன், அவ்வளவுதான். அவட சொத்துக்கு நான் எப்பிடி வரி கட்டுற?"

"அப்ப நீ கட்டலாமே புள்ள?" என்று நதீராவிடம் திரும்பினேன்.

"கடதாசி இவர்ட பேருக்குத்தானே வருது. ஆம்பிளைட கடதாசிய நான் ஏன் பாக்கிற?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் கிழக்குக் கரையில் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். எங்கள் தமிழ் ஆட்களிடமும் அதே வழக்கம்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விசயம் சபைக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. குடும்பத் தலைவன் பேருக்கு எழுது என்று மேலிடம் சொல்ல, இவர்களும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அடுத்து நுழைந்த வீடுகளிலும் அதே பதில்தான்.

"பொம்புளைகள்ட பேருக்கு எழுதுங்க" என்று சேர்மனிடம் போய்ச் சொன்னேன்.

"பொம்புளைகள் சபைக்கு வந்து வரி கட்டுறதா? நல்ல கதை."

"கடதாசிய நான் கொண்டு போறன். எனக்குத் திறக்காத வாசல் இந்த ஊரில இல்ல. காசு சேர்ந்தா விடுதியைப் பூட்டப்படாது."

"முதல்ல வரட்டும், பாப்பம்" என்றார். அந்த 'பாப்பம்' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் கடதாசிகளை எழுதி வாங்கி, வீடு வீடாகக் கொடுத்தேன். விடுதி பூட்டப்படப் போகிற கதையையும் சேர்த்தே சொன்னேன்.

பெருநாளுக்கு முந்திய வாரம், மதியம் லுஹர் தொழுகை முடிந்த கையோடு பெண்கள் வந்தார்கள். பாய் இழைத்த காசு, நெல் குற்றிய காசு, கோழி விற்ற காசு எல்லாம் முந்தானையில் முடிந்திருந்தது. முன்னால் நின்றவள் ஹாஜறா, சேர்மனின் மனைவி.

காலிதீன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "நீ ஏன் இஞ்ச வந்த?"

"என்ட வீட்டுக்கு வரி கட்ட. இவ்வளவு வருசமா அதுக்கும் கட்டல்லயாமே."

சபைக் கிளாக்கர் சிரிப்பை மறைக்கக் குனிந்து எதையோ தேடினார். சேர்மனின் முகம் கறுத்துப்போனது.

"சரி, கட்டிட்டுப் போ. மிச்சத்த வீட்டில கதைப்பம்."

"வரி கட்டினவ சபையிலதான் கதைக்கணும். பிள்ளப்பெறுற இடத்தப் பூட்டப் போறீங்களா, இல்லயா?"

சேர்மன் அவளைப் பார்த்தார். பிறகு வாசல் படலைக்கு வெளியே ஒழுங்கை வரை நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். அதில் நதீரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள்.

"பூட்டல்ல" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசை மேசையில் வைத்த ஹாஜறா மட்டும் அசையவில்லை.

"எழுதித் தாங்க," என்றாள். "நாங்க நிக்கிறம்."